குரங்கு தேடிய வாக்கியம்

குழந்தைகளே, மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அதற்குக் காவல் கருமுகன் என்னும் குரங்கு. உயரமான நாவல் மரத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருக்கும். ஆபத்து தென்பட்டால் தொண்டை கிழியக் கத்தும். மான்கள் ஓடிப் பிழைத்துவிடும். அந்தக் கத்தலுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் அங்கே ஒரு மைனா வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்து பங்களாவில் கூண்டில் வளர்ந்த பறவை அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டது. யாரோ கூண்டைத் திறந்து வைத்ததும் பறந்து வந்துவிட்டது.

கருமுகன் கத்துவதைக் கேட்டு மைனா முகம் சுளித்தது. "இது என்ன காட்டுக் கூச்சல்? ஆங்கிலத்தில் சொல்லக் கூடாதா?"

மான்களுக்கு அது பிடித்துப்போயிற்று. செவலி என்ற பெண்மான், "ஆமாம் கருமுகா, கற்றுக்கொள். பக்கத்துக் காட்டு மான்கள் கேட்டால் வாயடைத்துப் போகும்" என்றது.

பாடம் தொடங்கியது.

"ஒரு நாய் வந்தால், 'தி டாக் கம்ஸ்'. பல நாய்கள் வந்தால், 'தி டாக்ஸ் கம்'. வருவது ஒன்று என்றால் 'கம்' என்பதோடு 'ஸ்' சேரும். பல என்றால் சேராது" என்றது மைனா.

கருமுகன் தலையைச் சொறிந்தது. "நம் பேச்சில் நாய் வருகிறது, நாய்கள் வருகின்றன. பல என்றால் இரண்டு சொல்லும் நீளும். இதில் ஒன்று நீண்டால் மற்றது குறைய வேண்டுமா?"

"கேள்வி கேட்காதே. சொல்."

"தி டாக்ஸ் கம்ஸ்."

மைனா சீட்டியடித்துச் சிரித்தது. மான்களும் சிரித்தன. செவலி சிரித்த சிரிப்பில் அசைபோட்ட புல் வாயிலிருந்து விழுந்தது. அதன் குட்டி, "கம்ஸ், கம்ஸ்" என்று துள்ளிக்கொண்டே மரத்தைச் சுற்றி ஓடியது.

அதுவரை கருமுகனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அது உச்சிக்கு ஏறிப்போனது. அன்று முதல் எதைச் சொல்வதற்கு முன்பும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிழை வந்துவிடுமோ என்று தோன்றினால் பேசாமலே இருந்துவிட்டது.

ஒரு மதியம் மூங்கில் புதரிலிருந்து ஒரு செந்நாய் வெளியே வந்தது.

கருமுகன் வாயைத் திறந்தது. 'ஒரு நாய். ஆகவே கம்ஸ்' என்று எண்ணியது. அதற்குள் இன்னொரு நாய் வந்தது. அதன் பின்னால் மற்றொன்று. 'இப்போது பல நாய்கள். நாயோடு ஸ் சேர வேண்டும். கம்ஸிலிருந்து எடுக்க வேண்டும். இல்லை, இரண்டிலும் உண்டா?'

கீழே பார்த்தது. செவலி மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குட்டி. மைனா ஒரு கிளையில் அமர்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. பழைய கத்தல் தொண்டை வரை வந்தது. கருமுகன் அதை விழுங்கிக்கொண்டது.

நாய்கள் புல்வெளியில் பாய்ந்தன.

அப்போதுதான் வாக்கியம் வந்தது. "தி டாக்ஸ் கம்!"

மான்கள் சிதறி ஓடின. குட்டியின் கால்களுக்கு அந்த வேகம் இல்லை.

நாய்கள் போன பிறகு மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குட்டி வரவில்லை. "இன்று பிழையே இல்லை" என்று மைனா மெல்லச் சொன்னது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவலி மரத்தடிக்கு வந்து நின்றது. "நீ முன்பே பார்த்துவிட்டாய், இல்லையா?"

"பார்த்தேன்."

"பிறகு ஏன் கத்தவில்லை?"

கருமுகன் கீழே இறங்கவில்லை. "நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றது.

நீதி: பிழையாகப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரித்தால், அவன் வாய் திறக்க வேண்டிய நேரத்திலும் திறக்க மாட்டான்.