ஐம்பதாவது டோக்கன்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு பெரிய ஜவுளிக்கடை. அந்தக் கடைக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள் கிறுக்குப் பிடிக்கும். அந்த நாள் ஆடி முதல் வெள்ளி.

ஊர் சங்கரன்கோவில். கடை மயில்வாகனம் ஜவுளி மாளிகை. "முதல் ஐம்பது பேருக்கு மட்டும்! பட்டுச்சேலை ஒன்று, கரைவேட்டி ஒன்று, ரெண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்" என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். கதவு திறப்பது ஒன்பது மணிக்கு. விடியும்போதே வரிசை நின்றுவிட்டது. வரிசை என்றால் பாதிதான் ஆட்கள். மீதி செங்கல், செருப்பு, தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் கூடை. ஆள் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்து, டீ குடித்துத் திரும்பும்வரை அவருக்குப் பதிலாக அது நிற்கும். ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் நகர்த்த மாட்டார். அது அந்த ஊர் நியாயம்.

உலகம்மாள் தான் பீடி சுற்றும் தட்டை வைத்திருந்தாள். மூங்கில் தட்டு, விளிம்பில் சிவப்புப் பெயிண்டில் அவள் பேர். வைக்கும்போது முன்னால் இருந்ததையெல்லாம் தலை தலையாகத் தொட்டு எண்ணினாள். ஆளும் செங்கலுமாக நாற்பத்தொன்பது. தட்டு ஐம்பது. மனசு குளிர்ந்துதான் வீட்டுக்குப் போனாள்.

மகள் முத்துச்செல்விக்குத் தை மாசம் கல்யாணம் ஆனது. இது தலையாடி, கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் ஆடி. ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் விருந்துக்கு வருகிறார்கள். மகளுக்கு ஒரு பட்டும் மருமகனுக்கு ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். கொடுக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதுதான் பயம். அவர்கள் சொல்லாமல் இருப்பதைப் பத்து வருசத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் திரும்பி வந்தபோது தட்டுக்கு முன்னால் ஒற்றை ரப்பர் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் இல்லாமலும் ஆவுடையப்பன் நின்றார். வயது அறுபதுக்கு மேல். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கட்டைப்பை. வாயைத் திறந்தால் உண்மை வராது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் திறக்கும்போது பக்கத்தில் இருக்க எல்லாருக்கும் பிடிக்கும்.

"அண்ணாச்சி, நான் போகும்போது இங்க செருப்பு இல்லையே."

"இருந்திருக்கும் தாயி, நீ கவனிச்சிருக்க மாட்டே. நேத்து சாயங்காலமே கொண்டுவந்து வெச்ச செருப்பு. ராத்திரி மழை வந்துச்சுல்லா? அந்தா, அந்தப் பாத்திரக்கடை ஓரமா ஒதுங்கி நின்னுருக்கு. மழை விட்டதும் திரும்ப வந்து நின்னுட்டு."

ரெண்டு ஆள் முன்னால் நின்ற செல்வின் திரும்பினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக்கடை வைத்திருப்பவன். "நேத்து ஏது அண்ணாச்சி மழை? நான் கடையடைச்சுட்டுப் போகும்போது வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை."

"ஒரு செருப்பு நனையற அளவுக்குத்தான் தம்பி பெஞ்சுது."

வரிசை சிரித்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை. சண்டை போடலாம் என்றால், செருப்பு முன்னால் கிடக்கிறது, தட்டு பின்னால் கிடக்கிறது. யாரைச் சாட்சிக்குக் கூப்பிட? செங்கலையா? ஐம்பத்தோராவது ஆளாக, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அது கிடக்கட்டும்," என்றான் செல்வின். பொழுது போக வேண்டுமே. "துணிக்குக் காசு குடுத்ததே இல்லைம்பீங்க. இன்னைக்கு என்ன இந்தப் பக்கம்?"

"இப்பவும் அதைத்தான் சொல்லுதேன். நாலு வருசம் முன்னால திருநெல்வேலியில ஒரு கடை. பேரு வேண்டாம், பாவம், பொழைச்சுப் போறான். எல்லாச் சட்டைக்கும் ஐம்பது சதவீதம் தள்ளுபடின்னு வாசல்ல எழுதியிருந்தான். கடைக்கு ரெண்டு வாசல். நான் ரெண்டுலயும் நுழைஞ்சேன். ஐம்பதும் ஐம்பதும் நூறு. பில்லுப் போடுத பிள்ளை என்னை ஏறிட்டுப் பாத்துச்சு. 'வயசானவங்களுக்குத் தனியா பத்து உண்டுல்லா தாயி'ன்னேன். அது எந்திச்சு, கல்லாவைத் திறந்து, அந்தப் பத்தை என் கையில குடுத்துட்டு."

"ஒரு ஆளு ரெண்டு வாசல்ல எப்படி நுழைவான்?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாத்தான். அவசரப்பட்டா முடியாது."

செல்வின் தலையை ஆட்டினான். ஆவுடையப்பன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

"சட்டை கிடக்கட்டும், பாயிண்ட் அட்டைக்கு வாங்க. நூறு ரூபாய்க்கு வாங்கினா ஒரு பாயிண்ட். எனக்கு அவன்லா காசு குடுத்திருக்கான்? மிசினுக்குக் கூட்டவா கழிக்கவான்னு தெரியலை. பில்லுத்தாளை விட ஆரம்பிச்சுட்டு. ரெண்டாவது மாடியில ஆரம்பிச்ச தாளு படி இறங்குது, வாசலைத் தாண்டுது, ரோட்டை நேரா கடக்குது. போலீஸ்காரர் வண்டியெல்லாம் நிப்பாட்டி அதுக்கு வழிவிட்டார். அந்தப் பக்கம் ஒரு பசுமாடு நின்னுது. நுனியைப் பிடிச்சுத் தின்ன ஆரம்பிச்சுட்டு. தின்ன தின்ன நானும் விட்டேன்."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டது பின்னால் நின்ற ஒரு அம்மா.

"ஒண்ணும் ஆகலை. சாயங்காலம் பால் கறந்திருக்காங்க. ஒரு லிட்டர் கறந்தா ஒரு லிட்டர் இலவசமா வந்திருக்கு. ஆடி முடியுற வரைக்கும் அப்படித்தான். ஆவணி ஒண்ணாந் தேதி டாண்ணு நின்னுட்டு."

கடையின் பக்கவாட்டுக் கதவு லேசாகத் திறந்தது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். கூட்டிப் பெருக்குகிற பெண் குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். எல்லாரும் தளர்ந்தார்கள்.

"புதுத்துணியில மிச்சம் பிடிக்கிறது யாரும் செய்வான்," என்று தொடர்ந்தார் ஆவுடையப்பன். "பழசுல பிடிக்கணும். தெருவுல பாத்திரக்காரி வாராள்லா, பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கவ? என் பனியனைக் கொண்டுபோனேன். 'இதுக்கு ஒரு கிண்ணம்தான் அண்ணாச்சி'ன்னா. 'பனியனுக்குக் கிண்ணம் சரிம்மா. ஓட்டைக்கு?'ன்னேன். நூத்துப் பதினொரு ஓட்டை. ஒவ்வொண்ணும் நானே பாத்துப் பாத்து வளர்த்தது. அவ வேப்பமரத்தடியில உக்காந்து ஒரு மத்தியானம் பூரா யோசிச்சா. நியாயமான பொம்பளை. கூடையை இறக்கி, ஓட்டைக்குன்னு தனியா ஒரு அண்டா குடுத்தா."

"கூடைக்குள்ள அண்டாவா!"

"மடிச்சு வெச்சிருந்தா. விரிச்ச பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது எவ்வளவு பெருசுன்னு. திங்கக்கிழமை காலையில என் மச்சினன் தேய்க்கிறதுக்கு உள்ள இறங்கினான். புதன்கிழமைதான் அவன் குரல் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா உள்ளேயே ஒரு பரோட்டாக்கடை போட்டிருக்கான்." செல்வினை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சால்னா நல்லாருக்கும்."

இந்தத் தடவை வரிசை வாய்விட்டுச் சிரித்தது. செல்வின் காது சிவந்தது. உலகம்மாளுக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. அதை அடக்கிக்கொண்டு, சுருக்குப்பை இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த அண்டாவை வித்து ஒரு பச்சைப் பட்டுச்சேலை வாங்கினேன்," என்றார். "அரக்குக் கரை. ஆடியில பாதி விலைக்கு எடுத்தது. தீபாவளிக்குப் புளியங்குடியில ஒரு டீச்சரம்மாவுக்கு முழு விலைக்குக் குடுத்தேன். நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தா, வாசல்ல சரசரன்னு சத்தம். பாத்தா சேலை. திரும்பி வந்துட்டு."

"யாரு கொண்டாந்தா?"

"யாரு கொண்டாரணும்? டவுன் பஸ்ல ஏறி, சன்னலோரம் உக்காந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்திருக்கு. கண்டக்டர் பாத்திருக்கார். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைல்லா? சேலைக்கு எப்படிக் கேப்பாரு? மனுசன் விசிலை ஊதிட்டுப் போயிட்டாரு. அடுத்து திருவேங்கடத்துல வித்தேன். வந்துட்டு. இப்படி ஏழு தடவை. ராசபாளையத்துல கேட்டாங்க, நான் குடுக்கலை. அது டவுன் பஸ் போகாத ஊரு."

"வாங்கினவங்க சும்மாவா விட்டாங்க?"

"நாலு நாள் கட்டியாச்சு, ஊரைச் சுத்திக் காட்டியாச்சு, அப்புறம் பீரோவுலதான தூங்கும்? போனது அவுகளுக்கே தெரியாது."

"இப்ப எங்க அந்தச் சேலை?" செல்வின் விடவில்லை.

ஆவுடையப்பன் கட்டைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எட்டாவது தடவையா குடுத்திருக்கேன். ரெண்டு மாசம் ஆச்சு." பையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "வரும்."

எட்டரை மணிக்குக் கடை ஆள் இசக்கிராஜ் டோக்கன் கட்டோடு வெளியே வந்தான். வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு கையிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தான். செங்கலுக்கும் பாட்டிலுக்கும் உரியவர்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடிவந்து அவற்றை ஒட்டி நின்றார்கள். உலகம்மாள் எக்கி எக்கி எண்ணினாள். ஒருவர் குறைந்தால் போதும். ஒரே ஒரு செங்கலுக்கு ஆள் வராமல் போனால் போதும். எல்லாச் செங்கலுக்கும் ஆள் வந்தது.

ஆவுடையப்பனுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கேட்க ஆள் இருந்தது. அவர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் நான் கடைக்கே போறதில்லை தம்பி. போனா கடைக்காரங்களுக்கு நட்டம். ஆடி பொறந்ததும் மதுரையிலருந்து நாகர்கோவில் வரைக்கும் எல்லா முதலாளியும் வீடு தேடி வந்துருதாங்க. 'அண்ணாச்சி, இந்த வருசம் மட்டும் கடைப் பக்கம் வந்துராதீங்க'ன்னு ஆளுக்கு ஒரு கட்டுத் துணியைத் திண்ணையில வெச்சுட்டுப் போறாங்க. வைக்க இடமில்லை. கட்டிலை எடுத்துட்டுப் பட்டுமேலதான் படுக்கோம். வழுக்குது, அதான் ஒரு குறை. இந்த மயில்வாகனம் முதலாளி இருக்காரே, நேத்து சாயங்காலம் அவரே வந்தாரு. நாப்பது பட்டுச்சேலை, நாப்பது வேட்டி. கையெடுத்துக் கும்பிட்டாரு. 'கடைக்குள்ள மட்டும் காலை வெச்சுராதீங்க.' சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

இசக்கிராஜ் வந்துவிட்டான். செல்வினுக்கு ஒன்று. அடுத்த ஆளுக்கு ஒன்று. கையில் மிஞ்சியது ஒரே ஒரு மஞ்சள் டோக்கன். அதை ஆவுடையப்பன் பக்கம் நீட்டினான்.

அப்போதுதான் உலகம்மாள் வாயைத் திறந்தாள். சத்தமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"நாப்பது சேலை வீட்டுல இருக்கு. உள்ள வரமாட்டேன்னு வாக்கும் குடுத்தாச்சு. அப்ப இந்த டோக்கன் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

வரிசை மொத்தமும் திரும்பியது. டோக்கன் வாங்கியவர்கள், வாங்க முடியாதவர்கள், பால் வண்டிக்காரர், குப்பை கொட்ட இரண்டாம் தரம் வந்த பெண், எல்லாரும். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஆவுடையப்பன் வாயைப் பார்த்தது அதுவரைக்கும் இல்லை. நீட்டியிருந்த அவர் கை டோக்கனுக்கு ஒரு விரல் தூரத்தில் அப்படியே நின்றது.

சொன்னதெல்லாம் புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டுச்சேலை அவருக்கு. அந்த வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது உலகம்மாளுக்கே தெரிந்தது. அங்கே அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

"டோக்கனா? எனக்கா?" என்றார், யாரோ அவரிடம் சில்லறை கேட்டதுபோல. "இசக்கி, ஆளைப் பாத்து நீட்டணும்டே. முதலாளி பாத்தா உன்னை வேலையை விட்டுத் தூக்கிருவாரு. அந்தத் தாயி கையில குடு."

மஞ்சள் டோக்கன் உலகம்மாள் உள்ளங்கைக்கு வந்தது. அவள் விரலை மூடிக்கொண்டாள். கதவு திறந்தது. அவளுக்கு முன்னால் இருந்த நாற்பத்தொன்பது பேரும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கிடைக்காதவர்கள் தங்கள் செங்கலை வைதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆவுடையப்பன் குனிந்து ஒற்றைச் செருப்பைக் காலில் மாட்டினார். குனிந்தபோது கட்டைப்பை வாய் திறந்தது. உள்ளே ஒரே ஒரு ரவிக்கை. பச்சை. கையோரத்தில் அரக்குப் பட்டை, கக்கத்தில் வெளுத்த சாயம். சேலைக்கு நிறம் பார்க்கக் கொண்டுவருகிற ரவிக்கை எப்படி மடிந்திருக்கும் என்று உலகம்மாளுக்குத் தெரியும். ரெண்டு மாசம் முன்னால் விற்றுப்போன ஒரு சேலைக்கு ஜோடி ரவிக்கை என்பதும் தெரிந்துவிட்டது. கடைப் படியில் வைத்த காலை அவள் எடுக்கவில்லை. டோக்கனைப் பிடித்த விரலும் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, பையில..."

அவர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"இதுவா? அந்தப் பச்சைச் சேலை இருக்குல்லா தாயி, எட்டாவது தடவை வழி தப்பிட்டு போல. பஸ் ஸ்டாண்டுல போயி இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேம்னா மோப்பம் பிடிச்சு வந்துரும். எங்க வீட்டுக்காரி வாசனை அதுக்குத் தெரியும்."

அவர் நடக்க ஆரம்பித்தார். உலகம்மாளுக்கு என்னவாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மன்னிப்புக் கேட்டால் அவரைப் பொய்யன் என்று சொன்னதாகிவிடும்.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டாள். "சேலைக்கு டிக்கெட் இல்லைன்னாலும், பஸ்ல உங்களுக்கு டிக்கெட் உண்டு."

"அதான் நாங்க ரெண்டு பேரும் நடந்தே வந்துருதோம்," என்றார் அவர், திரும்பாமல். ரெண்டு செருப்பும் ஒன்றுபோல் தட்ட, பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் போகாமல், தன் வீடு இருக்கும் பக்கம் போனார்.