மொக்கையன் புதைத்த மூன்று ராக்கெட்டுகள்

விழுந்து நசுங்கிய ராக்கெட்டுக்குக் குழி வெட்டி, மண்ணைத் தள்ளி, மேலே ஏறி மிதித்துவிட்டு வந்த பெருச்சாளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அவன் பேர் மொக்கையன். அவன் இருந்த கண்மாய்க் கரையில் வெள்ளிக்கிழமை தவறாமல் ராக்கெட் விடுவார்கள். யாரோ எறிந்துவிட்டுப் போன சோடா பாட்டில்தான் ராக்கெட். கால்வாசி தண்ணீர் ஊற்றி, வாயைத் தக்கையால் அடைத்து, வாலில் மூன்று பனையோலைத் துடுப்புகளைக் கட்டித் தலைகீழாக நிறுத்துவார்கள். தக்கையில் செருகிய பப்பாளிக் குழல் வழியாகத் தவளை உப்பிலி கன்னம் புடைக்கப் புடைக்கக் காற்று ஊதுவான். காற்று முட்டியதும், டுப்! தக்கை தெறிக்கும். தண்ணீர் பீய்ச்சும். பாட்டில் பனைமரத்தைத் தாண்டும்! எல்லாரும் தொப்பலாக நனைந்து குதிப்பார்கள்.

அணில் கோட்டழகிக்கு ஒரு பழக்கம். உடைந்து விழுந்த ராக்கெட்டை எல்லாம் வேப்பங்கிளையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவாள்.

"என்ன புள்ள, பழைய பிளாஸ்டிக் கடை போடப்போறியா?" என்று மொக்கையன் கேலி செய்வான்.

"சிரிச்சுக்கோ! இது மூக்குல கனம் பத்தாம விழுந்தது. அது தக்கை சீக்கிரம் கழண்டு விழுந்தது. பார்த்துக்கிட்டே இருந்தா அடுத்தது சரியா வரும்ல?"

மொக்கையனுக்கு ரோஷம் அதிகம். அவன் விட்ட முதல் ராக்கெட் பாதி உயரத்தில் குட்டிக்கரணம் போட்டுப் புதருக்குள் விழுந்தது. யாரும் வருவதற்குள் ஓடிப்போய்ப் புதைத்துவிட்டான்.

"எங்கடா அது?" என்றான் உப்பிலி.

"மேகத்துக்குள்ள போயிடுச்சு!"

இரண்டாவதும் அதே குட்டிக்கரணம். அதே புதர், அதே குழி. "இது நிலாவுக்கே போயிடுச்சு!" என்றான்.

மூன்றாவதை மறைக்க முடியவில்லை. தண்ணீரில் சுகமாகக் கிடந்த எருமை காரியின் கொம்பில் போய்ச் செருகிக்கொண்டது!

"ஏலே! நிலாவுக்குப் போற வழியில என் கொம்பா இருக்கு?" காரி சீறினாள். "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் குப்புற விழுந்தா, இந்தக் கரையில நீ ராக்கெட்டே விடக்கூடாது!"

மொக்கையன் கொம்பிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினான். நாளெல்லாம் மண்ணுக்குள் கிடக்கிறவனுக்கு, அண்ணாந்து பார்க்க இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

மூன்றாவதையும் புதைக்கப் போனான். ஆத்திரத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டான். பழைய இரண்டும் வெளியே வந்து விழுந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் திடுக்கிட்டான். மூன்றிலும் ஒரே ஒரு துடுப்பு பாதியாக இருந்தது. ஓரமெல்லாம் பல் தடம்!

"சதி! சதி!" என்று கத்திக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினான். "கோட்டழகி! என் துடுப்பைக் கடிச்சது நீதானே?"

அணில் கோபப்படவில்லை. பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் பல்லு அரிசி மாதிரி. இந்தத் தடம் மண்வெட்டி மாதிரி இருக்கே! எங்க, இந்த ஈரமண்ணுல ஒரு கடி கடி பார்ப்போம்."

கடித்தான். தடத்தோடு தடம் அச்சாகப் பொருந்தியது.

சத்தம் கேட்டு வந்த உப்பிலி தொடையைத் தட்டினான். "அட! நான் ஊதும்போது நீதானே பாட்டிலைக் கட்டிப் பிடிச்சிருப்பே? அப்பல்லாம் 'கறுக் மொறுக்'னு ஒரு சத்தம் வரும். பாட்டில்தான் வெடிக்கப் போகுதுன்னு நான் கண்ணை மூடிக்குவேன்!"

பறக்குமா, பறக்காதா என்ற பதற்றத்தில் வாய்க்கு எதிரே இருந்த துடுப்பைத் தானே கொறித்திருக்கிறான் மொக்கையன்! முதலில் கரையே சிரித்தது. பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மொக்கையன் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவ்விக்கொண்டு பாட்டிலைப் பிடித்தான். உப்பிலி ஊதினான். கறுக் மொறுக்! கொட்டாங்குச்சிதான் தேய்ந்தது.

டுப்!

ராக்கெட் நேராக ஏறியது. பனைமரத்தைத் தாண்டியது. பருந்தே ஒதுங்கி வழிவிட்டது! காரி முகத்தில் தண்ணீர் வழிய, "ஏலே மொக்கை, நீ தாராளமா விடுடா!" என்றாள்.

தப்பைப் புதைத்தால் அது திரும்பத் திரும்ப முளைக்கும். வெளியே தொங்கவிட்டால்தான் காய்ந்து உதிரும்.

அன்று சாயங்காலமே மொக்கையன் நசுங்கிய மூன்று பாட்டில்களையும் கழுவித் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தான்.

"கோட்டழகி, உன் கிளையில இதுக்கும் கொஞ்சம் இடம் குடு, புள்ள! பல் தடம் எல்லாருக்கும் தெரியுற மாதிரி மாட்டிவிடு!"