தளவாய் வீட்டுக் காவல்

பீரங்கி வெடித்த நாளிலிருந்து சிப்பாய் செம்புலிங்கத்துக்கு உலகமே மூடுபனி. மனிதர்கள் நீருக்குள் அசையும் நிழல்களாகத் தெரிந்தார்கள். உழைக்க முடியாத வீரருக்குரிய மானியத்தைக் கேட்டான். தளவாய் திருவேங்கடம் மறுத்துவிட்டார். ராணியின் சபையில் முறையிட்டான்.

"பார்வைதானே மங்கல்? கைகால் திடமாகத்தானே இருக்கிறது! காவல் வேலை பார்க்கட்டும்," என்றார் தளவாய்.

எங்கிருந்தோ மிதந்துவந்த அந்தக் குரலை நோக்கிச் செம்புலிங்கம் சொன்னான்: "சரிங்க ஐயா. இன்றைக்கே உங்கள் வீட்டுக் காவலுக்கு வந்துவிடுகிறேன்."

தளவாய் பதறினார். "என் வீட்டுக்கா? திருடன் எதிரே வந்து நின்றாலும் உனக்குத் தெரியாதே!"

சபை கொல்லென்று சிரித்தது.

"தளவாயே, உம் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டீர்," என்றாள் ராணி. "மானியத்தைக் கொடுத்தனுப்பும்."

செம்புலிங்கம் நெகிழ்ந்துபோய், ராணி என்று நினைத்து ஒரு தூணைக் கும்பிட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.