பெரிய பட்டுப்பூச்சி தன் வாயைக் கழற்றிக் கொடுத்தது

அந்தக் காலத்தில் பூச்சி, பாம்பு, மரம், மனிதர் எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான். வழியில் ஒரு நத்தை எதிர்ப்பட்டால் நின்று, எங்கே பயணம், சாப்பிட்டாயிற்றா என்று இரண்டு வார்த்தை கேட்காமல் போனால் மரியாதை தெரியாதவன் என்று பேர். நத்தை பதில் சொல்லி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். அதனால் அந்தக் காலத்தில் யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

மேற்கு மலைச் சரிவில் சொக்கையன் என்று ஒருவன் இருந்தான். கொஞ்சம் சாமைக் காடு, சில எருமைகள், வெள்ளாயி என்கிற மனைவி. குறை என்று பார்த்தால், அவனுக்குப் பேச வராது. ஊமை இல்லை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது, அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து வந்துவிடுவான். அதற்கப்புறம், "எங்க, சொக்கையன் இன்னும் வல்லியா?" என்று கேட்பார்கள். அவனுடைய எச்சில் இலையை எடுத்தவனே கேட்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது. இறக்கை உள்ளவர்களைக் கூட்டிவந்து, வீட்டுச் சுவரில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவது. முள்ளால் குத்தி வைப்பது, கண்ணாடிப் பெட்டியில் அடைப்பது எல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. வாயால் கேட்பான். "எங்கூட்டுச் சுவத்துல சித்தே உக்காந்துட்டுப் போறயா?" என்பான். தும்பி வரும், கொஞ்ச நேரத்தில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து போய்விடும். பொன்வண்டு, "வேண்டாங்க, சோலி கெடக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான். வேண்டாம் என்றவரைப் பிடித்து வைக்கலாம் என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் பெரிய பட்டுப்பூச்சி வந்தாள்.

பட்டுப்பூச்சி என்றதும் சேலைக்கு நூல் கொடுக்கிற அந்த வெள்ளைப் பிராணியை நினைக்காதீர்கள். இவள் காட்டுப் பட்டு. இப்போது இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவுதான் இருக்கிறாள். அப்போது முறம் அளவு இருந்தாள். காய்ந்த செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை, இறக்கைக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவுகிற சன்னல்கள். நல்ல பசியும் நல்ல பேச்சும் உள்ளவள். ஒரே ஒரு பலவீனம், யாருக்கும் மறுத்துச் சொல்ல மாட்டாள். முகம் வாடிவிடுமே என்று நினைப்பாள்.

"சித்தே உக்காந்துட்டுப் போறயா அம்மணி?" என்றான் சொக்கையன்.

"அதுக்கென்னங்ண்ணா" என்று உட்கார்ந்தாள்.

அன்று பார்த்துச் சொக்கையனின் மச்சான் ராக்கன் எருமைக்கு மருந்து கேட்டு வந்தான். சுவரைப் பார்த்தான். கேட்டதை மறந்தான். "யாரு இது?" என்றான். சொக்கையன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. பட்டுப்பூச்சியே சொன்னாள். எந்த மரத்தில் பிறந்தாள், எத்தனை தரம் தோல் உரித்தாள், கூட்டுக்குள் இருட்டு எப்படி இருந்தது, வெளியே வந்தபோது இறக்கை ஈரத் துணி மாதிரி எப்படித் தொங்கியது, எல்லாம் சொன்னாள். ராக்கன் ஊருக்குள் போய், "எங்க மாமன் ஊட்டுச் சுவத்தப் போயிப் பாருங்க" என்றான். மறுநாள் ஊரே வந்தது. வந்தவர்கள், "சொக்கையண்ணா, சொக்கையண்ணா" என்று கூப்பிட்டார்கள். தன் பெயர் இவ்வளவு நீளமானது என்பதே சொக்கையனுக்கு அன்றுதான் தெரியும்.

அப்புறம் அவன் அவளை விடுவானா?

காலையில் தேன் கொடுத்தான். மாலையில் பழச்சாறு கொடுத்தான். இறக்கையை மட்டும் மடக்கக் கூடாது. மடக்கினால் கரை தெரியாது, சன்னல் தெரியாது, பார்க்க வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். "விரிச்சாப்லயே இருந்துக்க அம்மணி, தங்கமில்ல" என்பான். அவள் இருந்தாள். தோல் உரித்த கதையைச் சொன்னாள். கொஞ்சம் தாமதமாக வந்தவருக்காக மறுபடி முதலில் இருந்து சொன்னாள். ஒருத்தி கேட்டுவிட்டுப் போய்த் தன் மாமியாரைக் கூட்டிவந்தாள். அந்த மாமியாருக்குக் காது மந்தம். அவளுக்காகச் சத்தமாக ஒரு தரம்.

சொன்னதையே சொல்வது எவ்வளவு அலுப்பு என்பது சொல்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஈரத் துணி மாதிரி தொங்கியது என்ற இடம் வரும்போது முன்பெல்லாம் அவளுக்கே உடம்பு சிலிர்க்கும். இப்போது அந்த இடம் வரும்போது அடுத்தது என்ன என்றுகூட யோசிக்காமல் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. அவள் எங்கேயோ இருந்தாள். இறக்கையின் வேரில் வலி விண்ணென்று தெறித்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு பொழுது நின்று பாருங்கள், தெரியும்.

அதற்குள் அவள் வயிறு கனக்க ஆரம்பித்தது. முட்டை. மலைக்கு மேலே, இலவங்கப்பட்டை மரத்தின் இலைக்கு அடியில்தான் அதை இட வேண்டும். மழை இறங்குவதற்குள் இட வேண்டும். மழையில் அந்த இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு மரம் தாண்ட முடியாது. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சுவரில் இருந்தபடி அவள் அதை வாசல் வழியாகப் பார்த்தாள்.

"போயிட்டு வாரனுங்ண்ணா" என்றாள் ஒரு காலையில்.

"நாளைக்கு அக்கரையூர்ல இருந்து ஆளுக வாராங்க அம்மணி. சொல்லியுட்டுட்டேன்."

"வயிறு தாங்கலீங்க."

"நாளைக்கு ஒரு நாளு. தேன் இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அவள் குடித்தாள். அதுதான் தப்பு. குடித்த வாயால் எப்படிப் போகிறேன் என்பது? நாளை போய் நாளை மறுநாள் ஆயிற்று. அக்கரையூர்க்காரர்கள் வந்தார்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள் வந்தார்கள். மேகம் பாறை மேல் வந்து உட்கார்ந்தது.

வெள்ளாயி சாணம் மெழுகிக்கொண்டே, "அத உடுங்க. மொகரயப் பாருங்க, சோர்ந்துபோயிக் கெடக்குது" என்றாள்.

"உட்டா நாளைக்கு வாரவங்களுக்கு என்ன சொல்றது?"

"பறந்து போச்சுன்னு சொல்லுங்க."

"அத யாரு சொல்றது? எனக்குத்தான் வல்லியே." சொக்கையன் குரல் இறங்கிப் போயிருந்தது. "இவ போயிட்டா யாரு என்னயக் கூப்புடுவாங்க, புள்ள?"

வெள்ளாயி மறுபடி குனிந்து மெழுகினாள். அவளும் கல்யாண வீடுகளுக்கு அவனோடு போனவள்தான்.

சுவரில் இருந்த பட்டுப்பூச்சி இதைக் கேட்டாள். கோபம் வருவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. "ஏனுங்ண்ணா, இங்கயே முட்டை போட்டுட்டனுங்கன்னா பிஞ்சுக எதத் திங்கும்? சுண்ணாம்பயா?" என்றாள்.

சொக்கையன் தரையைப் பார்த்தான்.

"உங்குளுக்கு நான் வேணுமா, நான் சொல்றது வேணுமா?"

அவன் யோசித்தான். நல்லவன்தான், பொய் சொல்லவில்லை. "சொல்றதுதான்" என்றான்.

"அப்ப இந்தாங்க" என்று அவள் தன் வாயைக் கழற்றினாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் உறுப்புகள் இப்போது போல இறுக்கி ஒட்டியிருக்கவில்லை. ஆமை தன் ஓட்டைக் கழற்றிப் பாறையில் காயப்போட்டுவிட்டுத் தூங்கும். நண்டு பக்கத்து வளைக்காரனுக்குக் கொடுக்கை இரவல் கொடுக்கும். வாயை மட்டும் யாரும் கழற்றியதில்லை. கழற்றினால் மாட்டச் சொல்லிக் கேட்க முடியாதே. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் கழற்றினாள். அவ்வளவு அலுத்துப்போயிருந்தது.

பாகற்கொடி நுனி மாதிரி சுருண்டிருந்த அந்த வாயைச் சொக்கையன் உள்ளங்கையில் வாங்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மீசைக்குள் செருகிக்கொண்டான். உடனே அது பேசத் தொடங்கியது. "நான் பொறந்தது இலவங்கப்பட்டை மரத்துலீங்க" என்றது. வீட்டில் கேட்க யாரும் இல்லை. வெள்ளாயி சாணச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள்.

பட்டுப்பூச்சி பறந்தாள். இறக்கையை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. விரித்தபடி இருந்து இருந்து அதற்கு மடக்கம் மறந்துவிட்டது. முதல் துளி விழுகிறபோது இலவங்கப்பட்டை மரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இலைக்கு இலை நகர்ந்து முட்டையெல்லாம் இட்டு முடித்தாள். பசித்தது. பூ இருந்தது, தேன் இருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மரத்தடியில் இருந்த நாகப்பாம்பு தலையைத் தூக்கி, "என்ன ஆத்தா, சாப்பிடலியா?" என்றது. பதில் இல்லை. உற்றுப் பார்த்த பிறகுதான் அதற்கு விஷயம் புரிந்தது. "ஐயோ பாவமே. நாளைக்கு எவனாச்சும் கிட்ட வந்தா என்னன்னு சொல்லுவ?" என்றது. அதற்கும் பதில் இல்லை. பாம்பு கொஞ்ச நேரம் யோசித்துத் தன் முகத்தைப் போல இரண்டு முகங்களை அவளுடைய மேலிறக்கைகளின் நுனியில் எழுதிவிட்டது. "இதப் பாத்துட்டு ஒருத்தனுங் கிட்ட வரமாட்டான் போ" என்றது. பட்டுப்பூச்சி தலையசைத்தாள். அதற்கப்புறம் சில நாட்கள் இருந்தாள். பிறகு இல்லை.

முட்டைகள் பொரிந்தன. அவள் வாயோடு இருந்தபோதே வயிற்றில் உண்டான பிள்ளைகள் என்பதால் புழுக்களுக்கு வாய் இருந்தது. தாய் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டன. அவற்றிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. வாய் நிறைய இலை. கூடு கட்டி, உறங்கி, தாயைப் போலவே வெளியே வந்தபோது வாய் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

ஒரு மாலையில் சொக்கையன் அந்த மரத்தைத் தேடி வந்தான். அவனுக்குப் பேர் வந்துவிட்டது. மீசைக்குள் இருக்கும் வாய் ஓயாமல் சொன்னது. ஆனால் கேட்க வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "அது சரி, பூச்சி எங்க?" என்று கேட்டார்கள். அதனால் வந்தான். கூட வெள்ளாயியும் வந்தாள்.

மூத்த மகள் ஒரு கிளையில் இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். சொக்கையன் பாம்பு முகங்களைப் பார்த்தான். பயப்படவில்லை. "அடேங்கப்பா, இது இவ ஆத்தாளுக்கு இல்லியே" என்று இன்னும் கிட்டே வந்தான். வழக்கம் தவறாதவன், முதலில் கேட்டான்.

"எங்கூட்டுச் சுவத்துல சித்தே உக்காந்துட்டுப் போறயா அம்மணி?"

மகள் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நினைப்பு இருந்தது. அவள் தாயைப் போல இல்லை, முகம் வாடினால் வாடட்டும் என்கிற ரகம். ஆனால் எதை வைத்துச் சொல்வாள்? காற்றுக்கு இலை ஆடியது. சொக்கையன் காத்திருந்தான். அவன் மீசைக்குள்ளிருந்து பழகிய குரல் பழகிய பதிலைச் சொன்னது:

"அதுக்கென்னங்ண்ணா."

"பாத்தியா, வாரேங்கறா" என்றான் அவன் வெள்ளாயியிடம்.

"அவ எங்க சொன்னா? நீங்களே கேட்டு நீங்களே சொல்லிக்கறீங்க."

"காதுல கேட்டுச்சில்ல?" என்று சொல்லிவிட்டு அவன் கையை நீட்டினான். வீட்டுக்குக் கொண்டுபோனபின் மகள் சுவரில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு காரை முள்ளை ஒடித்துக்கொண்டு வந்து சரிசெய்தான். வெள்ளாயி அன்று அவனுக்குச் சோறு போட்டாள், எதிரே உட்காரவில்லை.

அன்று முதல்தான் பெரிய பட்டுப்பூச்சி வாயில்லாமல், இறக்கையை விரித்தபடியே, சில நாள் மட்டும் உயிரோடு இருக்கிறாள். அவளைச் சுவரில் குத்தி வைக்கிறவன் எவனானாலும் அவளுடைய கதையை ஓயாமல் சொல்கிறான், அவள் சம்மதத்தையும் அவனே சொல்லிக்கொள்கிறான்.