எருமை கொடுத்த நிழல்

அன்று செங்கோடனின் தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஓர் எருமை, ஒரு நாய், ஒரு சேவல், மூன்று கோழிகள், இரண்டு வாத்துகள், கூண்டுக்குள் ஒரு தாய் முயல், அதன் நான்கு குட்டிகள். மொத்தம் பதின்மூன்று உயிர்கள். மனிதர் ஒருவரும் இல்லை. செங்கோடன் குடும்பத்தோடு சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்.

தோட்டம் காட்டை ஒட்டி இருந்தது. அதில் ஒரு குட்டை. குட்டையின் கரையில் ஒரு புங்கமரம்.

முயல் கூண்டு புதியது. புறப்படும் முன் செங்கோடன் அதை மரத்துக்கு மேற்கே வைத்தார். காலையில் அங்கே நல்ல நிழல் இருந்தது. "இதுதான் குளுகுளுன்னு இருக்கிற இடம்!" என்று சொல்லி, கூண்டின் நான்கு கால்களையும் மண்ணில் ஆழமாக நட்டார். மேலே தகரம் போட்டார். கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்தார். எல்லாம் சரியாகச் செய்தார். நிழல் நகரும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அது கத்திரி வெயில் காலம். உச்சிப்பொழுது தாண்டியதும் நிழல் மரத்தின் கிழக்குப் பக்கம் போய்விட்டது. கூண்டின் மேல் வெயில் இறங்கியது. தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. கிண்ணத்துத் தண்ணீர் சுட்டது. தாய் முயல் பஞ்சு தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். குட்டிகள் அவளருகில் துவண்டு கிடந்தன.

காவல் நாய் கருவாயன் முதலில் பார்த்தான். கூண்டைப் பல்லால் கவ்வி இழுத்தான். நட்ட கால்கள் அசையவில்லை.

"எல்லாரும் ஓடி வாங்க! பஞ்சு மயங்குறா!" என்று குரைத்தான்.

எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் யோசனை சொன்னார்கள்.

"அவளை நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கச் சொல்லுங்க. நான் அப்படித்தான் பண்றேன்!" என்று கருவாயனே தொடங்கினான்.

"நாக்கா? இறக்கையைத் தூக்கிக்கிட்டு அலகைத் திறந்து நிக்கணும்!" என்றது சேவல்.

"முயலுக்கு ஏதப்பா இறக்கை? தண்ணியில முங்கினா எல்லாம் சரியாப் போயிடும்!" என்றன வாத்துகள்.

எருமை அப்போதுதான் குட்டையிலிருந்து எழுந்து வந்தாள். உடம்பெல்லாம் சேறு. "சின்னப் பசங்களா, தள்ளுங்க! வெயிலுக்குச் சேறுதான் மருந்து. எங்க வம்சமே அதுல வாழ்ந்த வம்சம்!" என்று சொல்லி, வாலைச் சுழற்றி ஒரே வீச்சாக வீசினாள். சேறு கம்பி வழியே பாய்ந்து பஞ்சுவின் முகத்தில் அப்பியது. ஒரு குட்டி கீச்சென்று கத்தியது.

"பார்த்தியா, கெடுத்துட்டே!" என்றது பெரிய வாத்து.

"குரல் ஒண்ணுதான் உனக்கு!" என்றாள் எருமை.

சண்டை வலுத்தது. எந்த வம்சம் பெரிய வம்சம் என்று பேச்சுப் போனது. வெயில் நிற்கவில்லை.

"என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் பஞ்சு. குரல் மெல்லியதுதான். ஆனால் எல்லாரும் வாயை மூடினார்கள்.

கருவாயன் தலையைத் தாழ்த்தினான். காவல்காரன் தான்தானே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. "சொல்லு தங்கச்சி. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு உங்க மாதிரி நாக்கு இல்லை. தண்ணியில போட்டா பயத்திலேயே செத்துப்போவேன். என் சூடு காது வழியாத்தான் இறங்கும், அண்ணே. காதை நனைச்சா போதும். முதல்ல குட்டிகளுக்கு நிழல் வேணும்."

"நிழலுக்கு எங்கே போறது?" என்றது சேவல்.

பஞ்சு எருமையைப் பார்த்தாள். "பெரியக்கா, இந்தத் தோட்டத்துல உங்களை விட்டா அகலமான உடம்பு யாருக்கு இருக்கு?"

எருமை தயங்கினாள். அவள் தோல் கறுப்பு. வெயில் அவளுக்குத்தான் எல்லாரையும் விடக் கொடுமை. பிறகு கொம்பை நிமிர்த்தினாள்.

"குண்டு, குண்டுன்னு கேலி பண்ணுவீங்களே வாத்துங்களா! இப்பப் பாருங்க!"

அவள் கூண்டின் மேற்குப் பக்கம் போய்ச் சுவர் போல நின்றாள். குட்டிகளின் மேல் நிழல் விழுந்தது.

கருவாயன் ஒரு சாக்கைக் குட்டையில் நனைத்து இழுத்து வந்தான். கூண்டருகே இருந்த துவைக்கிற கல் மேல் தாவி ஏறி, அதைத் தகரத்தின் மேல் போட்டான். தகரம் சுர்ரென்றது. பஞ்சு காதுகளைக் கம்பியோடு சேர்த்து வைத்தாள். வாத்துகள் அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து காதில் விட்டன. கோழிகள் இறக்கையால் விசிறின. சேவல் சூரியனை அறிந்தவன். அவன் கல்லின் மேல் நின்று கூவினான்: "அக்கா, இன்னும் கொஞ்சம் வடக்கே! ஆங், அங்கேயே நில்லுங்க!"

எருமையின் மேல் இருந்த சேறு காய்ந்து வெடித்தது.

"போதும் அக்கா, குட்டைக்குப் போங்க!" என்றது சின்ன வாத்து.

"போடா! இந்தச் சுவரு வெயில் தாழாம நகராது!"

அன்றிலிருந்து அந்த வாத்து அவளைக் கேலி செய்ததில்லை. அப்போதே ஒரு நடை பஞ்சுவுக்கும் ஒரு நடை எருமைக்குமாகத் தண்ணீர் சுமந்தது.

வெயில் சாயும் வேளையில் செங்கோடன் வந்தார். "ஏ எருமை! குட்டையை விட்டுட்டு இங்கே என்ன பண்றே? கூண்டை மிதிச்சுடாதே!" என்று குச்சியை ஓங்கினார். எருமை நகரவில்லை. அவர் சுற்றி வந்து தகரத்தின் ஓரத்தைத் தொட்டார். கையை உதறினார். மரத்தைப் பார்த்தார். அதன் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது.

"அடப் பாவி! நானே நட்டுவச்சுக் கொல்லப் பார்த்தேனே!"

உடனே கால்களைப் பிடுங்கிக் கூண்டை மரத்துக்குக் கிழக்கே வைத்தார்; நிழலோடு நகர்த்தலாம் என்று இந்த முறை நடவில்லை. தகரத்தை எறிந்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார். கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றினார். பிறகு எருமையைக் குட்டைக்கு ஓட்டிப்போய்த் தன் கையாலேயே குளிப்பாட்டினார்.

"எல்லாரும் உங்களைத்தான் மெச்சுறாங்க, அக்கா!" என்று கரையிலிருந்து சொன்னான் கருவாயன்.

"மெச்சட்டும்! நான் நின்னேன். ஆனா நீதானேடா முதல்ல கேட்டே!" என்றாள் எருமை. கருவாயன் வாலை நிமிர்த்திக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

அன்றைய வெயில் முடிந்தபோது தோட்டத்தில் மீதி இருந்த உயிர்கள் பதின்மூன்று.

உதவப் போகிறவர் தனக்குப் பிடித்த மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், தவிக்கிறவரிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.