கையில் கொடுக்காத கத்தி

ஆற்றங்கரை மடத்தில் மங்கையர்க்கரசி அம்மாவிடம் சீடராக இருந்தார் குற்றாலிங்கம். அம்மாவுக்கு இன்னும் நாற்பது முடியவில்லை. சீடருக்கோ அறுபதைத் தாண்டிவிட்டது. குருவைவிடச் சீடனுக்கு நரை அதிகம் என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்குக் கவலைப்பட வேறு ஆயிரம் இருந்தன.

கதவைச் சாத்திவிட்டுப் படுப்பார். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. பென்ஷன் வருகிறது, போக்கிடம்தான் இல்லை. அம்மா ஒருநாள் முகம் சுளித்து, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டால்? மனிதரை அரித்துத் தின்றது இந்த ஒரு பயம்தான்.

அம்மா அவரிடம் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. ஒருநாள் கேட்டார்.

"அண்ணாச்சி, டவுனுக்குப் போனா ஒரு மடக்குக் கத்தி வாங்கிட்டு வாங்க. தினமும் மடியில வச்சிக்கிடணும். கயிறு அறுக்க, வாழையிலை நறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, எல்லாத்துக்கும் ஆகணும். வெல கொறஞ்சதாப் பாருங்க."

"எது நல்ல கத்தின்னு எப்படிம்மா கண்டுபிடிக்க?"

"விரிச்சா ஆடக் கூடாது. அறுக்கும்போது தானா மடங்கி வெரலக் கடிக்கக் கூடாது. ஈரக் கையில வழுக்கக் கூடாது. தொலஞ்சு போனா வயிறு எரியக் கூடாது. வேறென்ன?"

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகாவது குற்றாலிங்கம் நிம்மதியாகத் தூங்கினாரா? எங்கே! முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார்களே, சொத்தையாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று புரண்டு புரண்டு படுத்தார்.

டவுனில் மைதீன் பிச்சையின் இரும்புக் கடைதான் கத்திக்குப் பேர்போனது. மைதீன் பிச்சை ஒரு தட்டு நிறையக் கத்திகளைக் கொட்டினார்.

"இது துருப்பிடிக்குமா பாய்?"

"இரும்புன்னா பிடிக்கத்தான செய்யும். வேல முடிஞ்சதும் தொடச்சு ஒரு சொட்டுத் தேங்காண்ணெய் விடுங்க."

"துருவே பிடிக்காம?"

"அந்தா கிடக்கு, பளபளன்னு. மழுங்கினா தீட்டுறதுக்குள்ள தாவு தீந்துரும், பரவாயில்லையா?"

"விரிச்சா அலகு மடங்காமப் பிடிக்கிற பூட்டு தேஞ்சு போனா?"

"தேஞ்சா வேற வாங்குங்க. சல்லிசா வாங்குறதே அதுக்குத்தான அண்ணாச்சி."

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒரு கத்தி பிடிக்குச் சின்னதாக இருந்தது, ஒன்று திறக்க நகம் பெயர்ந்தது, ஒன்றின் அலகு லேசாக ஆடியது. ஆடியதா, தன் கைதான் நடுங்கியதா என்று அவருக்கே சந்தேகம்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தன கேள்வி கேக்க மாட்டான்" என்று மைதீன் பிச்சை தலையில் கை வைத்துக்கொண்டார். "எடுத்தா எடுங்க. இல்லன்னா ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

கடைசியில் மரப்பிடி போட்ட ஒன்று சிக்கியது. அலகு ஒரு விரல் நீளம். விரித்தால் பூட்டு 'டக்'கென்று விழுந்தது. கையைத் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பார்த்தார். வழுக்கவில்லை. சணல் கயிற்றில் வைத்து இழுத்தார். இரண்டே இழுப்பு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மைதீன் பிச்சை துடைத்து நீட்டினார். குற்றாலிங்கம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பலகையில வைங்க பாய். நான் எடுத்துக்கிடுதேன்."

"ஏன், கைக்குக் கை வாங்கினா நமக்குள்ள சண்ட வந்துருமோ?"

"வைங்களேன்."

வைத்தார். எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. ஆற்றில் அம்மா மடத்து மாடுகளைக் குளிப்பாட்டிக் கரையேற்றிக்கொண்டிருந்தார். சின்னக் கன்றுக்குட்டி மட்டும் தண்ணீர் ஓரத்தில், மருதமரத்து வேரில் கயிற்றால் கட்டப்பட்டு நின்றது.

"அம்மா, கிடச்சிட்டு!" என்று கரையிலிருந்தே கத்தியை ஆட்டிக் காட்டினார்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவும் ஆறு செக்கச்செவேலென்று திரண்டு வரவும் சரியாக இருந்தது. மலையில் கொட்டிய மழை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்றின் முட்டிவரை ஏறியது, பிறகு வயிறு. கன்று மிரண்டு துள்ளிக் கால் வழுக்கி விழுந்தது. கயிறு கழுத்தை இறுக்கியது. வேரில் போட்ட முடிச்சோ தண்ணீருக்குள் போய்விட்டது. அம்மா பாய்ந்து அதன் மோவாயைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, கத்தி! சீக்கிரம்!"

குற்றாலிங்கம் ஓடினார். நீச்சல் தெரியாத மனிதர், இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கினார். கத்தியை விரித்தார். பூட்டு விழுந்தது. எட்டும் தூரத்தில் அம்மாவின் கை நீண்டிருந்தது.

அந்தக் கையில் வைக்க வேண்டியதுதானே? வைக்கவில்லை. இருவருக்கும் நடுவே வெள்ளத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த பாறையில் கத்தியை வைத்தார்.

"எடுத்துக்கிடுங்கம்மா."

பாறை மேல் தண்ணீர் புரண்டது. அம்மாவின் கை போய்த் தொட்டபோது அங்கே கத்தி இல்லை.

"ஐயோ! ஐயோ!" என்று அலறினார் குற்றாலிங்கம்.

"அப்புறம் அழலாம். கன்னு மூஞ்சியத் தூக்கிப் பிடிங்க!"

பிடித்துக்கொண்டார். அம்மா கயிற்றைப் பாறையின் விளிம்பில் வைத்து, இரு கையாலும் அழுத்தித் தேய்த்தார். கன்றின் கண் செருகியது. கயிறு புரி புரியாக விட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது, அம்மா நிறுத்தவில்லை. கடைசிப் புரி அறுந்ததும் மூவரும் சேர்ந்து கரையில் போய் விழுந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கன்று இருமியது. பிறகு தள்ளாடி எழுந்து தாயைத் தேடிப் போனது.

மறுநாள் காலை குற்றாலிங்கம் பையோடு வந்து நின்றார். அம்மா இரு கையிலும் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் துணியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"எங்க கெளம்பிட்டிய?"

"நீங்க சொல்லுததுக்கு முன்னால நானே போயிருதேன்மா."

"நான் என்ன சொல்லப்போறேன்? ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். அவ்வளவு நல்ல கத்தியத் தேடி வாங்கிட்டு வந்திய. நீட்டின கையில ஏன் குடுக்கல?"

அவர் பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு தம்பி உண்டும்மா. ஒருநாள் வீட்டுல பலாப்பழம் அறுத்தோம். கத்தியக் கேட்டான். கையிலயே குடுத்துட்டேன். அந்த வாரமே ரெண்டு வீட்டு நடுச்சுவர் விஷயத்துல வாய் தடிச்சுப் போச்சு. அன்னையோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் யார் கையிலயும் கத்தி குடுக்கதும் இல்ல, வாங்குததும் இல்ல."

"சரி."

"உங்களோடயும் அப்படி ஆயிட்டுன்னா எனக்கு யாரும்மா இருக்கா?" சொல்லும்போதே அழுதுவிட்டார். "ஒரு உயிர் போகப் பாத்துச்சு. எனக்கு அந்த நேரத்துலயும் இந்தப் பயம்தான்."

அவர் அழுது முடித்ததும் அம்மா கேட்டார்.

"தம்பி இருக்காரா?"

"இருக்கான். ஆலடிப்பட்டியில."

"ரொம்பத் தூரமோ?"

"அரைமணி நேரம். மடத்து வாசல்லயே பஸ் நிக்கும்."

"பேசி எத்தன வருஷமிருக்கும்?"

"அவன் மகளுக்குக் கல்யாணமே ஆயிட்டாம். அப்ப அவ பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தா."

அம்மா துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சண்ட வந்தது கத்தியால. நீங்க சொல்லுதிய, நான் ஒத்துக்கிடுதேன்."

குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இத்தன வருஷமா அந்த பஸ்ல ஏறாம இருந்தது எதால அண்ணாச்சி?"