எண்ணத் தெரியாத குருவி

கல்யாண வீட்டில் "இந்தப் பக்கம் பாருங்க, லேசாச் சிரிங்க" என்றால் எல்லாரும் கேட்பார்கள். ஒரு குருவியிடம் போய் இதை எப்படிச் சொல்வது, சொல்லுங்கள் பார்ப்போம்?

எபனேசருக்கு இதே குழப்பம்தான். இத்தனை வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர், காட்டுயிர்ப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளத் தமயந்தியிடம் வந்திருந்தார். அவள் அவரைவிட இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வறண்ட கண்மாய்க்குள், வெறும் சரளைத் தரையில், ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அது குஞ்சு பொரிப்பதுதான் எபனேசருடைய முதல் படத்தின் கடைசிக் காட்சி. அது இல்லாவிட்டால் படமே இல்லை.

பக்கத்தில் சாக்குக் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்தார். குருவி கிட்டவே வரவில்லை. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரைக் கூட்டியது.

வெயில் ஏறியது. முட்டை திறந்தே கிடந்தது. எபனேசர் பதறிப்போய், செருப்பைக்கூடப் போடாமல், குதித்துக் குதித்துக் கரையில் நின்ற தமயந்தியிடம் ஓடி வந்தார்.

"டீச்சர், நான் இருக்கிறது தெரியாம எப்படி எடுக்கிறது?"

"வாங்க, ரெண்டு பேரும் உள்ளே போவோம்."

போனார்கள். போன வேகத்தில் தமயந்தி எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நான் போறேன், நீங்க இருங்க. குருவிக்கு எண்ணத் தெரியாதாம். ஒரு ஆள் வெளியே போனா, எல்லாரும் போயாச்சுன்னு நெனைச்சுக்குமாம்."

"நெசமாவா?"

"எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க சொன்னது."

குருவி பார்க்கும்படி கையை நன்றாக வீசிக்கொண்டு நடந்து போனாள்.

குருவி வந்தது. எங்கேயோ தண்ணீரில் நனைத்த வயிறு சொட்டச் சொட்ட, முட்டைக்கு மேலே நிழலாக நின்றது. எபனேசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

சாயங்காலம் ஜீப்பில் உட்கார்ந்து இருவரும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மாதிரி சிரித்துக்கொண்டிருந்த எபனேசர் திடீரென்று நிறுத்தினார்.

"டீச்சர், இது என்னையே பார்க்குது."

"ம்."

"வந்ததுல இருந்து கண்ணை எடுக்கலை. கல்யாணப் பொண்ணுகூட கேமராவை இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது!"

"ம்."

"அப்போ நான் உள்ளே இருந்தது அதுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கலாம்."

"எண்ணத் தெரியாதுன்னீங்க?"

"சொன்னாங்கன்னேன்."

எபனேசர் தலையைச் சொறிந்தார். "தெரிஞ்சா எதுக்கு வந்துச்சு? தெரியாட்டி எதுக்கு மொறைக்குது? ஏமாந்துச்சா, ஏமாறலையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

தமயந்தி கேமராவை அணைத்தாள்.

"மத்தியானம் செருப்பில்லாம ஓடி வந்தீங்களே அண்ணே, தரை எப்படி இருந்துச்சு?"

"கொதிச்சுது டீச்சர். காலே வைக்க முடியலை."

"முட்டை அதுமேலதான் கிடந்துச்சு."

எபனேசர் தன் உள்ளங்காலைத் தடவினார்.

"குஞ்சு பொரியிற காட்சிக்கு நாளைக்கும் உட்காரணுமேண்ணே?" என்றாள் தமயந்தி.

"காட்சி கிடக்கட்டும் டீச்சர், நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கூடாரத்தைப் பிரிச்சிரணும்," என்றார் எபனேசர். "நீங்களும் வந்து ஒரு கை பிடிங்க."